பள்ளி திறந்த முதல் வாரம்: எழுத வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கரும்பலகையில் பெரும்பாலும் ஏறும் தலைப்பு, "கோடை விடுமுறையை நான் கழித்த விதம்". நானும் பல வருடம் இதைத்தான் எழுதிப் போட்டேன். வரும் நோட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "மாமா வீட்டுக்குச் சென்றேன். மகிழ்ச்சியாக விளையாடினேன். விடுமுறை இனிதே முடிந்தது."

ஒரு வருடம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஊட்டிக்குப் போனதாக எழுதியிருந்தான். பேசிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் எங்கும் போகவில்லை. அம்மா பருத்தி எடுக்கப் போனபோது கூடவே போயிருக்கிறான். காய் வெடித்திருப்பது எப்படி இருக்கும், பஞ்சை இழுக்கும்போது விரல் நுனியில் எங்கே கீறும், மடி நிறைந்தால் எவ்வளவு கனக்கும் என்று கால் மணி நேரம் சொன்னான். நோட்டில் அதில் ஒரு வரிகூட இல்லை. அதெல்லாம் விடுமுறையில் சேராது என்று நினைத்துவிட்டான். தப்பு அவனுடையது இல்லை, நான் கொடுத்த தலைப்புடையது. ஊருக்குப் போனவர்களுக்கு மட்டுமே பொருந்துகிற தலைப்பு, போகாத பிள்ளையைப் பொய் எழுத வைக்கிறது.

தலைப்பைச் சின்னதாக்குங்கள். "இந்த லீவில் உன் கையால் செய்த ஒரு வேலை", "உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கேட்கும் மூன்று சத்தம்". இதற்கு எல்லாப் பிள்ளைகளிடமும் பதில் இருக்கும்.

அடுத்த தவறு, தலைப்பைச் சொன்ன கையோடு "பேசாம எழுதுங்க" என்பது. பேசினால்தான் எழுத வரும். பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும். அவர்கள் வாயில் வரும் சொற்களைக் கேட்டுக் கேட்டுப் பலகையில் எழுதிப் போடுங்கள். மதகு, வரப்பு, நாற்றங்கால், கொக்கு என்று பலகை நிறைந்துவிடும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு அந்தப் பலகை ஒரு பிடி.

ஒன்றாம் வகுப்பில் 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ப, ட, ம மூன்றும் தெரிந்து, புள்ளி வைக்கவும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். படம் வரையட்டும், அது என்ன என்று பிள்ளை சொல்வதை நீங்கள் கீழே எழுதுங்கள். தான் சொன்னது எழுத்தாக மாறுவதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பேச்சுத் தமிழை அடிப்பதுதான். "ஆத்துல தண்ணி வந்துட்டு" என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. உடனே சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. மறுநாள் அந்தப் பிள்ளை இரண்டே சொல்தான் எழுதும், அதுவும் தப்பாகாது என்று உறுதியாகத் தெரிந்த சொல்லாகப் பார்த்து. முதல் வாரம் அந்த வரியை அப்படியே விடுங்கள். கீழே "எவ்வளவு ஆழம்? நீ இறங்கினாயா?" என்று ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். பதில் எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அப்புறம், இரண்டாவது வாரத்தில், அதையே விளையாட்டாக்குங்கள். ஆத்து, காத்து, நாத்து, சேத்து என்று அவர்கள் சொற்களையே வரிசையாகப் போட்டு, புத்தகத்தில் எப்படி வரும் என்று கேளுங்கள். ஆற்று, காற்று, நாற்று, சேற்று. "டீச்சர், த்து எல்லாம் ற்று ஆகுது" என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். உடனே "பாத்து" என்ற சொல்லைப் போடுங்கள். அது பார்த்து ஆகும், ற்று வராது. ர, ற குழப்பத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பேச்சு மொழியைத் துரத்திவிட்டால் இந்தப் பாடமே நடத்த முடியாது.

தப்புக்குத் தண்டனையாக நூறு தடவை எழுதச் சொல்வதை அடியோடு விட்டுவிடுங்கள். எழுதுவது தண்டனை என்று மனதில் பதிந்தால் அப்புறம் எடுக்கவே முடியாது.

ஒரே நாளில் ஒரு பக்கம் கேட்பதும் வேண்டாம். குறுவை நெல்லுக்கு நாற்று விடுகிற காலத்தில்தான் நாமும் பள்ளி திறக்கிறோம். ஒரு பிடி விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் முளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும். கொட்டாங்குச்சியில் சேறு நிரப்பித் தூவிவிட்டு, தினமும் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அளவுகோலால் அளந்து உயரமும் குறிக்கட்டும். மூன்று வாரத்தில் பதினைந்து வரியாவது சேர்ந்திருக்கும். அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். அரும்பு நிலைப் பிள்ளை படமும் ஒரு சொல்லும், மொட்டு நிலையில் ஒரு வரி, மலர் நிலையில் காரணத்தோடு இரண்டு வரி என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் ஒரே கொட்டாங்குச்சியைச் சுற்றி உட்காரலாம்.

கடைசியாக, எழுதியதை டீச்சர் மட்டும் படித்து அலமாரியில் அடுக்குவது. படிக்க ஆள் இருந்தால் பிள்ளை கவனமாக எழுதும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறந்தால், சில நாளில் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர இன்னும் பல நாள் ஆகும். கல்லணையை அடுத்த திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள், கடைமடையில் இருக்கும் தலைஞாயிறு பக்கத்துப் பள்ளிக்கு ஓர் அஞ்சலட்டை போடட்டும்: "எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்துட்டு. கலங்கலா, நுரையோட வருது. உங்களுக்கு எப்ப வரும்?" முகவரியையும் ஆறு இலக்கப் பின்கோடையும் அவர்களே எழுதட்டும். தண்ணீருக்கு முன்னால் அட்டை போய்ச் சேர வேண்டும், அதனால் வாய்க்கால் நனைந்த அன்றே தபால் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.