பழைய தூண்டில் ரீலின் பிறப்பை அறிவது எப்படி: ஸ்டிக்கரிலிருந்து அடித்தகடு வரை

பிறர் உழைப்பின் மீது தன் பெயரைப் போட்டுக்கொள்வதைத் தமிழ்நாட்டில் ‘ஸ்டிக்கர் ஒட்டுவது’ என்று கேலி செய்வார்கள். தூண்டில் கோலில் பொருத்தி நரம்பைச் சுற்றிவைக்கும் கருவியான ரீலின் வணிகத்திலோ அது நெடுநாளாக நடந்துவரும் சாதாரண வழக்கம். செய்தவர் ஒருவர், இறக்குமதி செய்தவர் இன்னொருவர், பிற்காலத்தில் பெயரை மட்டும் விலைக்கு வாங்கியவர் மூன்றாமவர் என்று ஒரே ரீலின் வரலாற்றில் மூவர் பெயரும் கலந்து கிடப்பது உண்டு. ஆகவே பழைய ரீல் ஒன்று கைக்கு வந்து, அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று அறிய விரும்புகிறவர், உலோகத்தில் பொறித்ததை முதலிலும் ஒட்டியதைக் கடைசியிலும் படிக்க வேண்டும்.

அதற்கும் முன்பு செய்யவேண்டியது, எதையும் துடைக்காமல் இருப்பது. நான் வாங்கிய முதல் பழைய ரீலின் பக்கத் தகட்டில் நகத்தளவுக்கு வெள்ளி நிறத்தில் ஓர் ஒட்டுமுத்திரை இருந்தது. அதன்மேல் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கலாம் என்று தின்னர் நனைத்த துணியால் ஒரு முறை இழுத்தேன். பிசுக்கோடு எழுத்தும் துணிக்கு வந்துவிட்டது. எஞ்சியது பெயரற்ற ஒரு வெள்ளித் தாள். எனவே தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றையும் எட்ட வைத்துவிடுங்கள். மென்மையான பல் துலக்கி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான நீர், பூதக்கண்ணாடி, பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஒரு டார்ச் ஆகியவை போதும். காகிதத்தாலான ஸ்டிக்கராக இருந்தால் அந்த நீரும் கூடாது. உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி ரீலைக் கோலிலிருந்து கழற்றி, கோலோடு பொருந்தும் அடித்தகட்டைத் திருப்பிப் பாருங்கள். பயன்பாட்டில் உரசாமல் மறைந்திருக்கும் இடம் இதுவே என்பதால், மேலே எல்லாம் தேய்ந்துபோன ரீலிலும் இங்கே எழுத்து பிழைத்திருக்கும். டார்ச்சைத் தாழப் பிடித்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சினால், களிம்பேறிய பித்தளையிலும் பொறித்த எண் நிழலோடு எழுந்து நிற்கும்.

இந்த முறைக்குச் சிறந்த பாடம் சுவீடனின் ஆபு ஆலை செய்த அம்பாசடர் ரீல். மோரும் ஆற்றங்கரையில் உள்ள ஸ்வெங்ஸ்டா என்னும் ஊரில் 1921இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய அந்த ஆலையின் பெயரிலேயே ‘உர்ஃபாப்ரிக்கன்’, அதாவது கடிகார ஆலை, என்ற சொல் உண்டு. பைக்கடிகாரங்களையும் பிறகு வாடகைக் கார்களுக்கான மீட்டர்களையும் செய்துவந்த அவர்களுக்கு, இரண்டாம் உலகப் போரில் மீட்டர் வாங்க ஆள் இல்லாமற்போனது. பல்சக்கரம் வெட்டத் தெரிந்த கைகளுக்கு வேறு வேலை தேடிய மகன் யோத்தே, ரீலின் பக்கம் திரும்பினார். 1950களின் தொடக்கத்தில் வந்த சிவப்பு நிற அம்பாசடர் 5000 இன்றும் சேகரிப்போர் தேடும் பொருளாக இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த அம்பாசடர்களின் அடித்தகட்டில் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், கடைசி இரண்டு அந்த மாதிரியின் திருத்த வரிசை. 780503 என்றிருந்தால் 1978 மே மாதம், மூன்றாம் திருத்தம் என்று படிக்க வேண்டும். அதற்கு முந்திய ரீல்களிலும் எண்கள் உண்டு. ஆனால் அவற்றை இவ்வாறு படித்தால் ஏமாந்துபோவீர்கள். நடுவில் உள்ள இரண்டு இலக்கங்கள் 12ஐத் தாண்டினால் அது மாதம் அன்று என்பது மிக எளிய சோதனை. தேதி சரியாகப் பொருந்தினாலும், பக்கத் தகடு வேறொரு ரீலிலிருந்து மாற்றப்பட்டிருக்கலாம். தகட்டின் நிறமும் தேய்மானமும் ரீலின் உடற்சட்டத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே அந்த ஆண்டை முழு ரீலுக்கும் உரியதாகக் கொள்ளுங்கள்.

அடுத்து, பெயர்களைப் பிரித்தறிய வேண்டும். ஆபு ரீலின் மீதே கார்சியா என்ற பெயரும் இருக்கும். கார்சியா என்பது அமெரிக்க இறக்குமதி நிறுவனத்தின் பெயர். சுவீடன் ரீலுக்கும் பிரெஞ்சு ரீலுக்கும் தன் பெயரைச் சேர்த்து அமெரிக்கச் சந்தையில் விற்றது. ‘கார்சியா மிட்செல் 300’ என்ற எழுத்தைப் பார்த்து அமெரிக்கத் தயாரிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அது பிரான்சின் ஓத்-சவ்வா பகுதியில், கடிகாரத் தொழிலுக்குப் பெயர்போன குளூஸ் என்னும் ஊரில், கார்ப்பானோ - பொன் நிறுவனம் செய்தது. பிற்காலத்தில் கார்சியா நொடித்துப்போக, அந்தப் பெயரை ஆபுவே வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஒட்டியவரின் பெயரை ஒட்டப்பட்டவரே வாங்கிக்கொண்ட கதை இது. இன்று ஆபு கார்சியா, மிட்செல், பென், ஷேக்ஸ்பியர், புளூகர், 2013 முதல் ஹார்டி ஆகிய எல்லாம் பியூர் ஃபிஷிங் என்ற ஒரே குடையின் கீழ் இருப்பதால், புதிய ஸ்டிக்கரில் உள்ள பெயரை வைத்துப் பழைய ஊரை ஊகிக்க வழியில்லை.

நாட்டின் பெயரும் காலத்தைச் சொல்லும். 1890இல் நிறைவேறிய மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகே அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமாயிற்று. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்றிருந்தால் போர் முடிந்ததற்கும் 1952க்கும் இடைப்பட்டது.

அமெரிக்க ரீலாக இருந்தால் காப்புரிமை எண்ணைத் தேடுங்கள். அமெரிக்கக் காப்புரிமை எண் 1911இல் பத்து லட்சத்தையும், 1935இல் இருபது லட்சத்தையும், 1961இல் முப்பது லட்சத்தையும், 1976இல் நாற்பது லட்சத்தையும் எட்டியது. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் நின்றபடியே தோராயமான காலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண் காட்டுவது கீழெல்லையை மட்டுமே. 1935இல் பெற்ற காப்புரிமையை 1950இல் செய்த ரீலிலும் பொறித்திருப்பார்கள். வடிவமைப்புக் காப்புரிமைகளுக்கு வேறு வரிசை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ரீலோடு அட்டைப்பெட்டியும் கிடைத்தால் அதிலுள்ள முகவரி பேசும். 1932இல் ஓட்டோ ஹென்சே என்ற ஜெர்மானியக் குடியேறி பிலடெல்பியாவில் தொடங்கிய பென் நிறுவனத்தின் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரை அடுத்து 32 என்ற இரண்டு இலக்கம் மட்டும் இருந்தால், அது அமெரிக்க அஞ்சல் மண்டல எண்கள் வழக்கில் இருந்த 1943 முதல் 1963 வரையிலான காலம். 19132 என்று ஐந்து இலக்கம் இருந்தால் 1963க்குப் பிந்தியது. பட்டைக்கோடு (பார்கோடு) அச்சிட்ட பெட்டி 1974க்கு முந்தியதாக இருக்க முடியாது. பெட்டி ஒரு ரீலுக்கும் ரீல் இன்னொரு பெட்டிக்கும் உரியதாக இருப்பது சர்வசாதாரணம் என்பதால், பெட்டியில் உள்ள மாதிரி எண்ணை ரீலோடு ஒப்பிடுவது நல்லது.

சில முத்திரைகளைப் பார்த்த மாத்திரத்திலேயே காலம் தெரிந்துவிடும். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கான கடிகார வெடிகுண்டுகளைச் செய்துவந்த ‘ஜீரோ ஹவர் பாம்ப் கம்பெனி’யிடம், டெக்சாஸ் மாநிலத்துக் கடிகாரம் பழுதுபார்ப்பவரான ஆர். டி. ஹல் 1947இல் ஒரு மூடிய ரீலின் யோசனையோடு வந்தார். 1949இல் அது விற்பனைக்கு வந்தது. வெடிகுண்டு நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ரீலாக இருந்தால், பெயர் ஜெப்கோ என்று சுருங்கிய 1956க்கு முந்தியது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் 1872இல் துப்பாக்கிக் கடையாகத் தொடங்கிய ஹார்டியின் ‘பெர்ஃபெக்ட்’ ரீலில், கோலைப் பிடித்த கை பொறிக்கப்பட்டிருந்தால் அது தொடக்க காலத்தைச் சேர்ந்தது. அதைக் கண்டால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு விவரமறிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கடிகாரக்காரர்கள் இவ்வளவு பேர் வருவது தற்செயல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் நகரில், கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடரும் கடிகாரக்காரரே. அந்த வேலைக்குத் தேவையான சிறு பல்சக்கரத்தை அன்று பிசகின்றி வெட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம். ஜப்பானின் ஷிமானோ வேறு வழியில் வந்தது: 1921இல் சகாய் நகரில் மிதிவண்டிப் பல்சக்கரத்தோடு தொடங்கி, 1970இல்தான் தூண்டில் சாதனங்களுக்கென ஒரு பிரிவை அமைத்தது.

இவ்வளவும் பார்த்த பிறகு ஸ்டிக்கருக்கு வாருங்கள். பழைய பெயர்களைப் புதிதாக அச்சிட்டு விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, அதை ஒட்டிப் பழையது என்று விற்பதே தவறு. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது பெரும்பாலும் கணினி அச்சு. ஸ்டிக்கரின் கீழே கீறல்கள் தொடர்ந்து ஓடுகின்றனவா என்றும் பாருங்கள்: தகட்டில் விழுந்த கீறல் ஸ்டிக்கரின் விளிம்பில் நுழைந்து மறைந்து மறுபக்கம் வெளிவந்தால், கீறலுக்குப் பிறகே ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது, உண்மையில் பழையதாக இருந்தால் கீறல் ஸ்டிக்கரையும் கிழித்திருக்கும். இப்படி ரீல் விடும் ஸ்டிக்கரை அகற்ற வேண்டுமானால், முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்துப் பசையை இளக்கி, நகத்தால் ஓர் ஓரத்திலிருந்து தாழ்வாக இழுங்கள், கத்தி வேண்டாம். உங்களுக்குப் பிடித்த நிறுவனத்தின் ஸ்டிக்கரை ஒட்ட ஆசையாக இருந்தால், அதைத் தூண்டில் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரீலின் அடித்தகட்டு எண்ணையும் காப்புரிமை எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, அந்தச் சீட்டை ரீலோடு ஒட்டாமல், அதை வைக்கும் துணிப்பைக்குள் போட்டு வையுங்கள்.