முட்டி மக்கர் செய்தால்: 200 கி.மீ. சைக்கிள் பயிற்சியை இடையில் விட்டவர்களுக்கு

முட்டுக்காடு பாலம் ஏறும்போது வலது முட்டியில் சுருக்கென்றது. கோவளத்தில் ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்று மிதித்துக்கொண்டே போனேன். ஆகவில்லை. அன்று மாலை வீட்டு மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. என் முதல் 200 கி.மீ. பிரெவேக்கு (யாரோடும் போட்டியில்லாமல், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் ஓட்டம்) அப்போது ஒன்பது வாரம் பாக்கி. முதல்முறை தயாராகிறவர்களுக்காக, அப்போது நான் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: அங்கேயே நிறுத்துங்கள்

நீண்ட ரைடுக்கு மறுநாள் இரண்டு தொடையும் கனத்துக் கிடந்தால் அது உழைத்த வலி. இரண்டு நாளில் போய்விடும். ஒரே பக்கம், ஒரே இடத்தில், மிதிக்க மிதிக்கக் கூடினால் அது வேறு. சைக்கிளை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேருங்கள், அதில் வெட்கமே இல்லை. துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம். அம்மா தைலத்தோடு வருவார். தடவிக்கொள்ளுங்கள், அழுத்தி நீவ மட்டும் விடாதீர்கள்.

முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். கீழே விழுந்து கையை ஊன்றியவர்கள் கட்டைவிரலின் அடிப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அங்கே வலித்தால் எக்ஸ்ரே அவசியம். அந்த இடத்து எலும்பு முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு.

படி 2: காரணத்தைச் சைக்கிளில் தேடுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓய்வெடுத்து வலி போனதும் அதே சீட்டில் ஏறி அதே வலியை வாங்கிக்கொள்கிறார்கள்.

முட்டியின் முன்பக்கம் வலித்தால் முதலில் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வலித்தால் சீட் உயரமாக இருக்கலாம். சோதிக்கச் சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் அப்படியே நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் வேண்டும்.

என் கதை இது: சைக்கிளை நண்பரின் காரில் ஏற்றுவதற்காக சீட் போஸ்ட்டை இறக்கியிருந்தேன். திரும்ப ஏற்றியது கண் மதிப்பில். அளந்து பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் குறைவு! இப்போது சீட் போஸ்ட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றி வைத்திருக்கிறேன். நான்கு வருடம் முன்பே சுற்றியிருக்கலாம். உயரத்தைத் திருத்தும்போது ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். ஐந்து மில்லிமீட்டர் ஏற்றி, இரண்டு ரைடு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஐந்து.

இன்னொரு குற்றவாளி கியர். சென்னையில் பெரிய மலை கிடையாது, மலைக்குப் பதில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) காற்று இருக்கிறது. அதை எதிர்த்து, வீம்புக்குக் கனமான கியரில் மிதிப்போம். லேசான கியருக்கு மாறி, 15 நொடியில் ஒரு கால் எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80. அதற்குக் கீழே வெகுநேரம் தங்காதீர்கள்.

படி 3: பாயில் செய்யும் வேலை

மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் ஓரடி உயரம் தூக்கிப் பத்து நொடி நிறுத்துங்கள். பிறகு முட்டிகளை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துங்கள். தினம் இரண்டு வேளை, வலிக்காத அளவுக்கு. அலுப்பாகத்தான் இருக்கும். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்வது நல்லது.

படி 4: மறுபடி ஏறுவது

மாடிப்படி இறங்கும்போது வலிக்காமல் இருக்க வேண்டும். அதுவரை பொறுங்கள். முதல் ரைடு அரைமணி நேரம், லேசான கியர், பெசன்ட் நகர் பக்கம் விடியற்காலையில் போதும். ஓட்டும்போது லேசாகத் தெரிந்து மறுநாள் காலைக்குள் மறைந்தால் அடுத்த ரைடைக் கொஞ்சம் நீட்டலாம். மறுநாளும் இருந்தால் நேற்று ஓட்டியது அதிகம்.

படி 5: பயிற்சிக் கணக்கைத் திருத்துங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். மூன்று வாரம் போய்விட்டதே என்று, வலி நின்ற முதல் ஞாயிறே திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினேன். கிட்டத்தட்ட 90 கி.மீ. விட்ட கிலோமீட்டரைக் கடன் மாதிரி ஒரே நாளில் அடைக்கப் பார்த்தேன். மேலும் பத்து நாள் வட்டி கட்டினேன். விட்டது விட்டதுதான். இன்று கால் தாங்குவது 30 என்றால் அட்டவணை 30-லிருந்து தொடங்கட்டும்.

200 கி.மீ. பிரெவேக்கு நேரம் 13.5 மணி. சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. வந்தால் போதும். ஆகவே வேகம் குறைந்ததற்காகக் கலங்காதீர்கள். ஆனால் பிரெவேக்கு இரண்டு வாரம் முன்பு 120 கி.மீ.யை வலியில்லாமல் முடிக்க முடியவில்லை என்றால் அந்தத் தேதியை விட்டுவிடுங்கள். நான் விட்டேன். கட்டிய பணம் போனது, வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் கிண்டலும் கிடைத்தது. பிப்ரவரியில் இன்னொன்று வந்தது. 12 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். முட்டி மூச்சு விடவில்லை. பின்புறம்தான் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார விடவில்லை. அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.