மோட்டார் ஸ்டார்ட்டர் முதல் கவுண்டர் வரை: ஃபிளிப்-ஃபிளாப்பைக் கையால் கட்டிப் பார்ப்போம்

வீட்டுக் காலிங் பெல்லில் பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் அப்படி இல்லை. பச்சைப் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டு நீங்கள் வரப்பில் நடந்து போய்விடலாம். சிவப்பை யாராவது அமுக்கும்வரை மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டிலும் இருப்பது பொத்தான்தான். ஆனால் ஸ்டார்ட்டருக்கு ஞாபகம் இருக்கிறது.

காலிங் பெல் வகைக்கு டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் காம்பினேஷனல் சர்க்யூட் என்று பெயர். இந்த நொடியில் உள்ளே என்ன வருகிறதோ, அதை மட்டும் வைத்து வெளியே பதில் வரும். ஸ்டார்ட்டர் வகை சீக்வென்ஷியல் சர்க்யூட். அது, முன்பு நடந்ததையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது? ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்த எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். பச்சையை அமுக்கியதும் காயில் என்ற கம்பிச்சுருளுக்குக் கரண்ட் போய், அது காந்தமாகி காண்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்கிறது. மோட்டாருக்குப் போகிற காண்டாக்டுகளோடு இன்னொரு சின்ன காண்டாக்டும் மூடுகிறது. அது பச்சைப் பொத்தானுக்குப் பக்கவாட்டில் இணையாக இருப்பதால், விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்ட் அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கும். காயில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. கரண்ட் கட்டானால் பிடி விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது.

வெளியே வந்த விடை உள்ளே திரும்பிப் போய்த் தன்னையே தாங்கிப் பிடிக்கிறது. இப்படி ஒரு 0-ஐயோ 1-ஐயோ ஞாபகம் வைத்திருக்கும் சர்க்யூட்தான் ஃபிளிப்-ஃபிளாப். அதில் புரிந்துகொள்ள வேண்டியது இந்தத் திரும்பிப் போகும் வயர் ஒன்றைத்தான். 1918-இல் எக்லெஸ், ஜோர்டன் என்ற இருவர் பிரிட்டனில் இரண்டு ரேடியோ வால்வுகளை ஒன்றுக்கொன்று இப்படித் திருப்பி இணைத்துக் காப்புரிமை கேட்டார்கள். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, அப்புறம் பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிப்பில் அடைத்த ஐசி வந்தது. அந்த வயர் மட்டும் மாறவில்லை. எஸ்ஆர், ஜேகே, டி (D), டி (T) என்று ஒவ்வொரு வகைக்கும் ட்ரூத் டேபிள்களை (எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் என்ற பட்டியல்) வரிசையாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்களுக்கு (நானும் அதில் ஒருவன்) இந்த வயர் கண்ணில் படுவதேயில்லை. அதனால் இன்று டேபிள் வேண்டாம், பிரெட்போர்டு (வயர்களைச் செருகியே சர்க்யூட் கட்டும் துளைப் பலகை) எடுப்போம்.

வாங்க வேண்டியவை

74எச்சி00 ஐசி ஒன்று, 74எச்சி74 ஐசி ஒன்று, பிரெட்போர்டு, இரண்டு புஷ் பட்டன் (ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு என்றால் நல்லது), நான்கு எல்இடி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் நான்கு, 10 கிலோ ஓம் மூன்று, 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஜம்பர் வயர்கள். மின்சாரத்துக்கு மூன்று பென் டார்ச் பேட்டரி போதும், 4.5 வோல்ட் கிடைக்கும். 9 வோல்ட் பேட்டரி வேண்டவே வேண்டாம். இந்த எச்சி வகை ஐசிக்கு 2 முதல் 6 வோல்ட் வரைதான்.

இரண்டு ஐசிக்கும் 14 கால்கள். வெட்டுக்குறி இடப்பக்கம் இருக்கும்படி வைத்தால், கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 7. மேல் வரிசையில் வலமிருந்து இடமாக 8 முதல் 14. இரண்டிலுமே 14 ப்ளஸ், 7 கிரவுண்ட். இந்த இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டரை ஐசிக்கு ஒட்டினாற்போல் போட்டுவிடுங்கள்.

படி 1: ஸ்டார்ட்டரை ஐசியில் கட்டுவது

74எச்சி00-க்குள் நான்கு நேண்ட் கேட்டுகள் இருக்கின்றன. கால் ப்ளஸ்ஸில் இருந்தால் 1, கிரவுண்டில் இருந்தால் 0 என்று வைத்துக்கொள்வோம். நேண்டின் குணம் எளிது: இரண்டு இன்புட்டும் 1 ஆக இருந்தால் மட்டும் அவுட்புட் 0. ஏதாவது ஒன்று 0 ஆனாலும் அவுட்புட் 1. இதில் இரண்டு கேட்டுகள் நமக்குப் போதும். முதல் கேட்டுக்கு 1, 2 இன்புட், 3 அவுட்புட். இரண்டாவதற்கு 4, 5 இன்புட், 6 அவுட்புட்.

- கால் 1-ஐ 10 கிலோ ஓம் வழியாக ப்ளஸ்ஸுக்குக் கொடுங்கள். அதே காலில் இருந்து பச்சை பட்டன் வழியாக கிரவுண்டுக்கு ஒரு வயர்.
- கால் 5-க்கும் அதே மாதிரி, சிவப்பு பட்டனோடு.
- கால் 3-ஐ கால் 4-க்கு இணையுங்கள். கால் 6-ஐ கால் 2-க்கு இணையுங்கள்.
- கால் 3-இல் இருந்தும் கால் 6-இல் இருந்தும் தலா ஒரு 1 கிலோ ஓம், ஒரு எல்இடி, கிரவுண்ட்.
- பயன்படாத 9, 10, 12, 13 நான்கையும் கிரவுண்டில் போடுங்கள். அந்தரத்தில் விட்ட இன்புட் சும்மா இருக்காது, பக்கத்தில் கை வைத்தாலே ஆடும்.

மூன்றாவது வரியில் உள்ள இரண்டு வயர்கள்தான் ஸ்டார்ட்டரின் அந்தச் சின்ன காண்டாக்ட்.

பச்சையை அமுக்குங்கள். கால் 1-இல் 0 வருகிறது, அதனால் கால் 3-இல் 1 வருகிறது. அந்த 1, கால் 4-க்குப் போகிறது. கால் 5 ஏற்கெனவே 1. இரண்டும் 1 என்பதால் கால் 6-இல் 0 வருகிறது, அந்த 0, கால் 2-க்குத் திரும்பி வருகிறது. இப்போது விரலை எடுங்கள். கால் 1 மறுபடி 1 ஆகிவிட்டது. ஆனால் கால் 2-இல் 0 உட்கார்ந்திருக்கிறதே! அதனால் கால் 3 அசையாமல் 1 ஆகவே நிற்கும், எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். சிவப்பை அமுக்கினால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

இதற்கு எஸ்ஆர் லேட்ச் என்று பெயர். கால் 3-இன் அவுட்புட்டை க்யூ என்றும், எப்போதும் அதற்கு எதிராக இருக்கும் கால் 6-ஐ க்யூ பார் என்றும் சொல்வார்கள்.

"எப்போதும்" என்றேன், ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள்: இரண்டு எல்இடியும் எரியும். புத்தகங்கள் இதைத் தடைசெய்யப்பட்ட நிலை என்று எழுதுகின்றன. ஏதோ வெடித்துவிடும் போல இருக்கும். ஒன்றும் ஆகாது. ஒரே நேரத்தில் விரல்களை எடுத்தால் எந்த எல்இடி மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் நம்ம ஊர் ஸ்டார்ட்டர் கெட்டிக்காரத்தனமானது. இரண்டையும் அமுக்கினால் சிவப்புதான் ஜெயிக்கும், ஏனென்றால் சிவப்புப் பொத்தான் காயிலுக்குப் போகும் பாதையிலேயே குறுக்கே இருக்கிறது.

படி 2: எப்போது கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது

லேட்ச்சில் ஒரு தொல்லை: யார் எப்போது தட்டினாலும் திரும்பும். பல ஆயிரம் லேட்ச்சுகள் ஒன்றோடொன்று பேசும் ஒரு சிப்பில் இப்படி நடந்தால் சந்தைக்கடைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் மட்டும் கேட்க வேண்டும். அந்த நேரத்தைச் சொல்வது, 0-க்கும் 1-க்கும் மாறிமாறிப் போகும் கிளாக் என்ற சிக்னல்.

பள்ளியில் அட்டென்டன்ஸ் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கூப்பிடும் அந்த நொடியில் "உள்ளேன் ஐயா" என்றால் வருகை. அடுத்த நிமிடம் பின்வாசல் வழியாக நழுவினாலும், மறுபடி பெயர் கூப்பிடும்வரை பதிவேட்டில் நீங்கள் வகுப்பில்தான் இருக்கிறீர்கள். டி ஃபிளிப்-ஃபிளாப் செய்வது இதைத்தான். டி என்ற இன்புட்டில் எது இருந்தாலும், கிளாக் 0-இல் இருந்து 1-க்கு ஏறும் அந்த விளிம்பில் மட்டும் அதைப் பார்த்து க்யூவில் பதிந்துகொள்ளும். மற்ற நேரத்தில் டி என்ன ஆட்டம் போட்டாலும் கண்டுகொள்ளாது.

74எச்சி74-இல் இப்படி இரண்டு இருக்கின்றன. முதலாவதற்கு: கால் 1 கிளியர், 2 டி, 3 கிளாக், 4 ப்ரீசெட், 5 க்யூ, 6 க்யூ பார். கிளியர் க்யூவை 0 ஆக்கும், ப்ரீசெட் 1 ஆக்கும். அந்தந்தக் காலுக்கு 0 கொடுத்தால்தான் அவை வேலை செய்யும். எனவே கால் 4-ஐ நேரடியாக ப்ளஸ்ஸில் போடுங்கள், கால் 1-ஐ 10 கிலோ ஓம் வழியாக ப்ளஸ்ஸில் போடுங்கள். கால் 5-இல் 1 கிலோ ஓமும் எல்இடியும். மற்றப் பாதியின் 10-ஐ ப்ளஸ்ஸிலும், 13-ஐ கால் 1-ஓடும் சேர்த்துவிடுங்கள். 11, 12 இரண்டையும் இப்போதைக்கு கிரவுண்டில் போடுங்கள்.

கிளாக்குக்கு எங்கே போவது? படி 1-இல் கட்டியது சும்மாதானே இருக்கிறது. 74எச்சி00-இன் கால் 3-இல் இருந்து 74எச்சி74-இன் கால் 3-க்கு ஒரு வயர். இனிமேல் பச்சையை அமுக்கினால் கிளாக் ஏறும், சிவப்பை அமுக்கினால் இறங்கும்.

முதலில் சிவப்பை ஒருமுறை அமுக்கிவிடுங்கள். கால் 2-இல் ஒரு நீள ஜம்பரைச் செருகி, மறுமுனையை ப்ளஸ்ஸில் வையுங்கள். எல்இடி மாறாது. பச்சையை அமுக்குங்கள், எரியும். இப்போது ஜம்பரை கிரவுண்டுக்கு மாற்றுங்கள். எல்இடி அப்படியே எரியும். பச்சையை மறுபடி அமுக்கினாலும் எரியும், ஏனென்றால் கிளாக் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது, ஏற இடமில்லை. சிவப்பை அமுக்கினாலும் எரியும். அதன் பிறகு பச்சையை அமுக்கினால்தான் அணையும். இதைப் பத்துத் தடவையாவது செய்து பாருங்கள்.

விளிம்பை மட்டும் பார்ப்பது எப்படிச் சாத்தியம்? வழக்கமான வழி, இரண்டு லேட்ச்சுகளை அடுத்தடுத்து வைப்பது. கிளாக் கீழே இருக்கும்போது முதல் கதவு திறந்து, இரண்டாவது மூடியிருக்கும். கிளாக் ஏறியதும் முதல் கதவு மூடி இரண்டாவது திறக்கும். இரண்டும் ஒருசேரத் திறந்திருப்பதில்லை. டி சரியாக அந்த விளிம்பிலேயே மாறினால் ஃபிளிப்-ஃபிளாப் 0-ஆ 1-ஆ என்று கொஞ்ச நேரம் தடுமாறக்கூடும். அதனால்தான் டேட்டாஷீட்டில், விளிம்புக்கு முன் டி இத்தனை நானோ செகண்ட் அசையாமல் இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள்.

படி 3: தன்னைத் தானே மறுப்பது

கால் 2-இன் ஜம்பரைப் பிடுங்கிவிட்டு, கால் 6-ஐ கால் 2-க்கு இணையுங்கள். க்யூ பார்தான் இப்போது டி. ஒவ்வொரு முறை கிளாக் ஏறும்போதும், இப்போது இருப்பதற்கு எதிரானதைப் பதிந்துகொள்ளும். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று அமுக்கிக்கொண்டே போனால் பச்சைக்கு ஒருமுறை எரியும், அடுத்த பச்சைக்கு அணையும். இரண்டு கிளாக்குக்கு ஒரு சுற்று. ஜே, கே என்று இரண்டு இன்புட் உள்ள ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பில் இரண்டையும் 1-இல் வைத்தால் நடப்பதும் இதுவே.

முதன்முறை இதைக் கட்டியபோது நான் லேட்ச்சைப் பயன்படுத்தவில்லை. ஒரே ஒரு பட்டனை நேராகக் கிளாக் காலில் கொடுத்தேன். ஒரு அமுக்குக்கு எல்இடி சில சமயம் மாறியது, சில சமயம் மாறவில்லை. கடைக்காரர் டூப்ளிகேட் ஐசி கொடுத்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டிவிட்டு, இன்னும் இரண்டு வாங்கினேன். அவையும் அப்படியே. தப்பு பட்டனில் இருந்தது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு ஒட்டும்போது சில மில்லி செகண்டுக்குத் துள்ளும். நமக்கு ஒரு அமுக்கு, ஐசிக்கு ஏழெட்டு விளிம்பு. லேட்ச்சில் அந்தத் துள்ளல் பலிக்காது: முதல் தொடுதலிலேயே அது திரும்பிவிடும், அதற்குப் பிறகு எத்தனை முறை துள்ளினாலும் திரும்பியது திரும்பியதுதான்.

படி 4: எண்ண வைப்பது

இரண்டாவது பாதிக்கு 11 கிளாக், 12 டி, 9 க்யூ, 8 க்யூ பார். 11, 12-ஐ கிரவுண்டில் இருந்து எடுத்துவிடுங்கள். 8-ஐ 12-க்கு இணையுங்கள். முதல் பாதியின் கால் 6-இல் இருந்து 11-க்கு ஒரு வயர். கால் 9-இல் 1 கிலோ ஓமும் எல்இடியும். இந்த எல்இடியை இடப்பக்கமும் கால் 5-இன் எல்இடியை வலப்பக்கமும் வையுங்கள்.

மின்சாரம் கொடுத்ததும் எந்த எல்இடி எரியும் என்று சொல்ல முடியாது. ஸ்டார்ட்டர் மாதிரி இது அணைந்த நிலையில்தான் விழிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. கால் 1-ஐ ஒரு வயரால் கிரவுண்டில் ஒருமுறை தொட்டு எடுங்கள். 13-உம் அதோடு இணைந்திருப்பதால் இரண்டும் அணையும். இனி ஒவ்வொரு பச்சை, சிவப்பு ஜோடிக்கும் 00, 01, 10, 11, மறுபடி 00. பைனரியில் எண்ணுகிறது.

ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பும் வேகத்தைப் பாதியாக்குகிறது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்வதும் இதற்காகத்தான். 15 முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். முள் நொடிக்கு ஒருமுறை நகரும்.

எல்லாம் ஓடினால், பிரித்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். 11-க்குப் போகும் வயரின் மறுமுனையை கால் 6-இல் இருந்து பிடுங்கி கால் 5-இல் செருகுங்கள். கிளியர் செய்துவிட்டுப் பச்சையை அமுக்குங்கள்: 11. சிவப்பு, பச்சை: 10. அப்புறம் 01, 00. கவுண்டர் பின்னோக்கி எண்ணுகிறது.