சாலையோரக் குப்பை அள்ளப் போகிறீர்களா?

சாலையோரத் துப்புரவுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் பைகளோடு ஒரு பழைய வாளியையும் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த கண்ணாடியைப் பையில் போட்டால், தூக்கும்போது பையைக் கிழித்துக்கொண்டு வந்து காலைப் பதம் பார்த்துவிடும். பாட்டிலில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போடுங்கள், பாரம் குறையும். ஊசி கிடந்தால் தொடவே வேண்டாம், ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். வரும் வண்டிகளைப் பார்த்தபடியே நடங்கள்; பொறுக்கும் மும்முரத்தில் சாலைக்கு முதுகு காட்டிவிடுகிறோம், எனக்கு அதுதான் பெரிய பயம். பளிச்சென்ற மேலங்கி, மூடிய காலணி, தடித்த கையுறை கட்டாயம். அப்புறம், சிகரெட் துண்டைச் சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பஞ்சு போலத் தெரியும் அதன் வடிகட்டி பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். மழை வந்தால் வாய்க்காலுக்குப் போய்விடும்.