வங்கியில் இருப்பதில் நம் பணம் எவ்வளவு?

சிறிய தொண்டு நிறுவனம் தெம்பாக இருக்கிறதா என்பதை ஓராண்டுத் தணிக்கை அறிக்கை காட்டிக்கொடுக்காது. கடைசி 5 ஆண்டு அறிக்கைகளை எடுத்து, எக்செல்லில் ஆண்டுக்கு ஒரு பத்தியாகப் போடுங்கள். மொத்த வரவு, செலவு, அதில் சம்பளம், ஆண்டு இறுதி வங்கி இருப்பு, செலவழியாத திட்ட நிதி, கொடுக்க வேண்டிய பாக்கி, மிகப் பெரிய நன்கொடையாளர் தந்த தொகை. இந்த 7 வரிசை போதும். இதற்கு மேல் வரிசை சேர்த்தால் அடுத்த ஆண்டு யாரும் நிரப்ப மாட்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, எந்தத் திட்டத்துக்கும் கட்டுப்படாமல் கையில் நிற்கும் பணம். வங்கியில் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 7.5 லட்சம் ஒரு திட்டத்துக்கென்றே வந்தது, 90 ஆயிரம் கொடுக்க வேண்டிய பாக்கி. மிச்சம் 3.6 லட்சம். மாதச் செலவு 1.8 லட்சம் என்றால், ஆறரை மாதம் தாங்கும்போல் தெரிந்த நிறுவனம் உண்மையில் தாங்குவது 2 மாதம்தான். 3 முதல் 6 மாதம் தாங்கும் பணம் கையில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மாதச் செலவைக் கணக்கிடும்போது தேய்மானத்தைக் கழித்துவிடுங்கள், அது பொருள்கள் பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும் செலவு, கையைவிட்டுப் போகும் பணம் அல்ல. கட்டடம், வண்டியையும் கையிருப்பில் சேர்க்காதீர்கள். அவற்றை விற்றுச் சம்பளம் போட முடியாது.

உபரியும் ஏமாற்றும். 3 ஆண்டு மானியம் மொத்தமாக வந்து, அதை வந்த ஆண்டின் வரவிலேயே காட்டினால் அந்த ஆண்டு பெரிய உபரி, அடுத்த இரண்டும் பற்றாக்குறை. இரண்டுமே பொய்த்தோற்றம். திட்ட நிதியை விலக்கி, பொது நிதிக்கு மட்டும் வரவு செலவைத் தனியாக எழுதுங்கள். அங்கே தொடர்ந்து இரண்டு ஆண்டு பற்றாக்குறை என்றால் உடனே செயற்குழுவில் பேச வேண்டிய விஷயம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: வாடகை, கணக்காளர் சம்பளம் போன்றவற்றில் திட்டத்தின் பங்கை மானிய விண்ணப்பத்தில் கேட்காமல் விட்டிருப்பார்கள். நிர்வாகச் செலவு குறைவு என்று பெருமைப்படும் இடங்களில்தான் இது அதிகம்.

ஒரே நன்கொடையாளர் வரவில் பாதிக்கு மேல் தருகிறார் என்றால், அந்த ஒப்பந்தம் முடியும் மாதத்தையும் அதை நம்பியிருக்கும் சம்பளங்களையும் தாளில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, வரும் 12 மாத ரொக்க ஓட்டம், அதாவது மாதாமாதம் உள்ளே வரும் பணமும் வெளியே போகும் பணமும். செலவழித்துவிட்டு ரசீது காட்டிப் பெறும் மானியத்தை, பணம் உண்மையில் வந்து சேரும் மாதத்தில் மட்டும் போடுங்கள். வாய்மொழி வாக்குறுதிக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது.