ஒரைசா, ஒரைசே, சட்டைவா: நெல்லின் லத்தீன் பெயரைப் பிழையில்லாமல் எழுத

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் நெல்லுக்கு ஒரைசா சட்டைவா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், ஆனால் கொத்தமல்லிக்கு சட்டைவாவா சட்டைவமா என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். மனப்பாடம் செய்வதால் வரும் தொல்லை இது.

விதைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த அடைமொழி சட்டைவா, மனிதர் விதைத்து வளர்ப்பது என்று பொருள். நமக்கு நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் எல்லாவற்றுக்கும் ஒரே 'நல்ல'தான். லத்தீனில் அப்படி விடமாட்டார்கள்; முன்னால் நிற்கும் பேரினப் பெயர் எந்தப் பாலோ அதற்கேற்ப அடைமொழியின் ஈறு மாறும். ஒரைசா பெண்பால், அதனால் சட்டைவா. கொத்தமல்லியின் கோரியாண்ட்ரமும் பூண்டின் அல்லியமும் ஒன்றன்பால், ஆகவே சட்டைவம். முள்ளங்கியின் ராஃபானஸ் ஆண்பால், சட்டைவஸ். பால் என்பது இங்கே சொல்லுக்குத்தான், செடிக்கு இல்லை.

எனவே முதலில் பேரினத்தின் ஈற்றைப் பாருங்கள்: அஸ், ஆ, அம். பெரும்பாலும் இதுவே போதும். மரங்களிடம் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் லத்தீனில் மரப்பெயர்கள் 'அஸ்' என்று முடிந்தாலும் வழக்கமாகப் பெண்பால்தான். புளி டாமரிண்டஸ் இண்டிகா, அரசு ஃபைகஸ் ரிலிஜியோசா. எள் மரமில்லை, செஸாமம் இண்டிகம் என்று ஒழுங்காகவே வரும்.

அப்புறம் ஒரைசே. வயலில் இறங்குகிறவர்களுக்கு இதுதான் அதிகம் வேண்டியது என்பேன். ஒரைசா வேற்றுமை ஏற்று ஒரைசே ஆனால் 'நெல்லின்' என்று பொருள், நம் ஆறாம் வேற்றுமை மாதிரியே. குலை நோய்ப் பூஞ்சை பைரிகுலேரியா ஒரைசே, ஆனைக்கொம்பன் ஈ ஆர்சியோலியா ஒரைசே, பாக்டீரியா இலைக்கருகல் சாந்தோமோனாஸ் ஒரைசே, மூட்டை அரிசியைத் துளைக்கிற வண்டு சைட்டோஃபைலஸ் ஒரைசே. கடைசிப் பெயரில் முன்சொல் ஆண்பால்தானே, ஒரைசஸ் என்று வரவேண்டாமா என்று கேட்பார்கள். வராது. ஒரைசே அடைமொழி இல்லை, வேற்றுமை ஏற்ற பெயர்ச்சொல், அது யாருக்காகவும் பால் மாறாது. இரண்டாம் சொல்லைப் பார்த்ததும் 'எப்படிப்பட்டது' என்கிறதா, 'எதனுடையது' என்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது என்றால் பால் பாருங்கள், இரண்டாவது என்றால் அப்படியே விடுங்கள்.

குறுவைக்குப் போடுகிற ஆடுதுறை 43 மாதிரி ரகப் பெயரைப் பின்னால் சேர்க்கும்போது இந்த விதி எதுவும் கிடையாது. லத்தீன் சொற்களைச் சாய்வெழுத்தில் அல்லது அடிக்கோடிட்டு எழுதிவிட்டு, ரகத்தை ஒற்றை மேற்கோளுக்குள் நேரெழுத்தில் போட்டால் சரி.