ஹைப்ரிட் காரில் கூடுதல் பேட்டரி வைத்து பிளக்-இன் ஆக்குவது எப்படி?

இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், அதாவது 2004 முதல் 2009 வரை வந்த மாடல். ஆர்வலர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்துவிட்ட வண்டி இது. 2004இலேயே கலிபோர்னியாவின் கால்கார்ஸ் குழுவைச் சேர்ந்த ரான் கிரெம்பனும் ஃபெலிக்ஸ் கிரேமரும் இதில் லெட்-ஆசிட் பேட்டரிகளை ஏற்றி, பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்டிக் காட்டினார்கள். டொயோட்டாவே 4.4 கிலோவாட் மணி பேட்டரியோடு பிளக்-இன் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2012இல்தான்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய பேட்டரி வைத்தால் கார் தானாகவே மின்சாரத்தில் அதிக தூரம் ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஓடாது. எப்போது இன்ஜினை எழுப்புவது, எப்போது மோட்டாரை மட்டும் விடுவது என்று முடிவெடுப்பது வண்டிக்குள் இருக்கும் கணினி. நாம் ஏற்றிய மின்சாரத்தை அந்தக் கணினி எவ்வளவு செலவழிக்கச் சம்மதிக்கிறதோ, அவ்வளவுதான் நமக்குப் பலன்.

இன்னொன்று. இந்த வண்டியில் ஓடுவது 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் (டிசி). ஆளைக் கொல்லும். மல்டிமீட்டரை இப்போதுதான் கையில் எடுத்தவர் என்றால் நாம் புதிதாக வைக்கப்போகும் 50 வோல்ட் பேட்டரிப் பக்கத்து வேலைகளை மட்டும் நீங்கள் செய்யுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் தொடர்பான படி 5ஐ, ஹைப்ரிட் வண்டிகளில் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 1: இருக்கும் பேட்டரி நலமா என்று பாருங்கள்

பழைய பேட்டரியில் 28 மாட்யூல்கள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் 6 நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல். ஆக 168 செல், 201.6 வோல்ட், 6.5 ஆம்ப் மணி. பெருக்கினால் 1.3 கிலோவாட் மணி. அதையும் கணினி முழுசாகத் தொடவிடாது. சுமார் 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருக்கும். கையில் கிடைப்பது அரை கிலோவாட் மணி, சமதளத்தில் 3 கி.மீ. ஓட்டம்.

கூடுதல் பேட்டரி வந்த பிறகும் இந்தப் பழையது வண்டியிலேயே இருக்கும், முன்னைவிட அதிகமாக உழைக்கும். அதனால் வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, கணினி அளக்கும் 14 பிளாக்குகளின் (இரண்டு மாட்யூல் சேர்ந்தது ஒரு பிளாக்) வோல்டேஜையும் பாருங்கள். ஒரு பிளாக் மட்டும் வேகமெடுக்கும்போது மற்றவற்றைவிடத் தொபுக்கென்று இறங்கினால், அதில் பழுதான மாட்யூலை மாற்றாமல் மேலே போகாதீர்கள். பின் இருக்கை ஓரத்தில் இருக்கும் பேட்டரி விசிறியையும் சுத்தம் செய்துவிடுங்கள். பல வண்டிகளில் அது தூசியும் முடியுமாக அடைத்துக் கிடக்கும்.

படி 2: எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. பழைய பேட்டரியைத் தூக்கிவிட்டுப் பெரிய லித்தியம் பேட்டரி வைப்பது ஒன்று. இதில் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினிக்குப் பொய்த் தகவல் கொடுக்க வேண்டியிருக்கும். 200 வோல்ட் அளவிலான இரண்டாவது பேட்டரியை கான்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே) வழியே இணையாகச் சேர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, 50 வோல்ட் அளவில் கூடுதல் பேட்டரி வைத்து, அதை டிசி-டிசி கன்வெர்ட்டரால் 200 வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி ஊட்டுவது.

புதியவர்களுக்கு மூன்றாவதைத்தான் சொல்வேன். கன்வெர்ட்டரில் கொஞ்சம் மின்சாரம் வீணாகும், உண்மைதான். ஆனால் நீங்கள் கோக்கும் செல்களும் சார்ஜரும் பெரும்பாலான ஒயர்களும் 60 வோல்ட்டுக்குக் கீழேயே இருக்கும்.

படி 3: அளவைக் கணக்கிடுங்கள்

பணம் வீணாகும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட். 16 செல் தொடராகச் சேர்த்தால் 51.2 வோல்ட். 100 ஆம்ப் மணி செல் என்றால் மொத்தம் 5.1 கிலோவாட் மணி. ஆயுள் நீடிக்க அதில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்துவோம்: 4.1 கிலோவாட் மணி. கன்வெர்ட்டரின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் வண்டிக்குப் போய்ச் சேருவது 3.7. கிலோமீட்டருக்கு 150 வாட் மணி செலவு என்று கொண்டால், ஏறக்குறைய 24 கி.மீ. ஓட்டத்துக்கான மின்சாரம்.

இது காகிதக் கணக்கு. இப்போது நேரத்தை உள்ளே கொண்டு வாருங்கள். கன்வெர்ட்டர் 4 கிலோவாட் கொடுக்கக்கூடியது என்றால் பேட்டரியிலிருந்து இழுப்பது 4.4 கிலோவாட். உங்கள் பயணம் 20 நிமிடம்தான் என்றால் அதற்குள் வெளியே எடுக்க முடிவது ஒன்றரை கிலோவாட் மணி. மிச்சம் இரண்டரைக்கும் மேல் சும்மா உட்கார்ந்து வரும் சுமை! ஆகவே முதலில் உங்கள் பயண நேரத்தைக் கன்வெர்ட்டர் இழுக்கும் கிலோவாட்டால் பெருக்குங்கள். பேட்டரி அளவு அதற்கு அப்புறம்.

4 கிலோவாட் போதுமா என்றால், சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போக இந்த வண்டிக்குக் கிட்டத்தட்ட அவ்வளவுதான் தேவை. வேகமெடுக்கும் நொடிகளில் பல மடங்கு கேட்கும்; அதைப் பழைய பேட்டரி கொடுத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது கன்வெர்ட்டர் அதை மறுபடி நிரப்பும். சின்னக் கன்வெர்ட்டரும் சின்னப் பழைய பேட்டரியும் இப்படிக் கைமாற்றிக்கொள்வதால்தான் இந்த முறை வேலை செய்கிறது.

நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு சுமார் 67 கி.மீ.க்கு மேல் போனால் இந்த மாடலில் இன்ஜின் சுழன்றே ஆக வேண்டும். இல்லையென்றால் கியர் அமைப்பில் உள்ள முதல் மோட்டார் ஜெனரேட்டர் அளவு மீறிய வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் கூடுதல் பேட்டரி இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அதன் இடத்தைப் பிடிக்காது. முழுக்க நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் இந்தச் செலவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 4: பேட்டரிப் பெட்டியைக் கட்டுங்கள்

16 செல்களையும் முதலில் இணையாகச் சேர்த்து 3.65 வோல்ட் வரை மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். எல்லாம் ஒரே அளவுக்கு வந்த பிறகே தொடராக மாற்ற வேண்டும். அப்புறம் செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் கருவியின் ஒயர்களை வரிசை மாறாமல் இணையுங்கள். எந்தச் செல்லும் 3.65க்கு மேலே போகாமலும் 2.5க்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

87 ஆம்ப் வரை ஓடப்போவதால் 35 சதுர மி.மீ. செம்பு ஒயர், பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே 125 ஆம்ப் பியூஸ். பியூஸ் நேர்மின்சாரத்துக்கு என்று குறிக்கப்பட்டதாக இருக்கட்டும். மாறுமின்சாரத்துக்கான பியூஸ் உருகினாலும் நேர்மின்சாரத்தில் தீப்பொறி அணையாமல் தொடரலாம்.

இனி சொல்லப்போவது சாதாரண நட்டு, போல்ட் விஷயம். 2008இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிளக்-இன்னாக மாற்றப்பட்ட பிரியஸ் ஒன்று ஓட்டத்திலேயே தீப்பிடித்தது. ஆய்வு செய்தவர்கள் செல்லின் வேதியியலைக் குற்றம் சொல்லவில்லை. லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) இணைத்த போல்ட்கள் சரியாகப் பொருத்தப்படாமல் சூடேறியதைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அதனால் லக்கும் செல்களை இணைக்கும் உலோகப் பட்டையான பஸ்பாரும் நேருக்கு நேர் ஒட்டி உட்கார வேண்டும், வாஷர் அவற்றுக்கு நடுவில் போகக் கூடாது. செல் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, நட்டின் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

பெட்டியை டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் வைக்கலாம். செல்கள் மட்டுமே 30 கிலோவுக்கு மேல் வரும். பெட்டி, கன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆளை ஏற்றிய மாதிரி. மோதலில் 20 மடங்கு புவியீர்ப்பு என்று எடுத்தால் 40 கிலோ பெட்டி 800 கிலோ விசையோடு முன்னால் பாயும். தகரத் தரையில் திருகு போட்டு நிறுத்த முடியாது. வண்டியின் உறுதியான சட்டப் பகுதியில், பின்பக்கம் தகடு கொடுத்து போல்ட் போடுங்கள்.

படி 5: உயர் மின்னழுத்தப் பக்கம்

வரிசையை மாற்றாதீர்கள். வண்டியை அணைத்து, சாவியைத் தூரமாக வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பேட்டரியின் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவி, உங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடம் காத்திருங்கள், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்க வேண்டும். பிறகு மீட்டரால் அளந்து, வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள். பிளக்கை எடுத்தாலும் பேட்டரிக்குள் மாட்யூல் வரிசையில் 100 வோல்ட்டுக்கு மேல் உயிரோடு இருக்கும், மறக்க வேண்டாம். பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கன்வெர்ட்டரின் வெளியீட்டை எங்கே இணைப்பது? பழைய பேட்டரியின் மெயின் ரிலேக்களுக்கு அப்பால், இன்வெர்ட்டர் பக்கத்தில். மின்னோட்ட சென்சாருக்கும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். அப்போதுதான் நாம் ஊட்டும் மின்சாரம் பழைய பேட்டரிக்குள் போவதைச் சென்சார் பார்க்கும். 'சார்ஜ் ஏறுகிறது' என்று கணினி கணக்கு எழுதும், திரையில் பச்சைக் கோடுகள் நிரம்பும், 'சரி, இன்ஜின் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்' என்று அதுவே தீர்மானிக்கும். சென்சாருக்கு இந்தப் பக்கம், பழைய பேட்டரியை ஒட்டி இணைத்தால் கணினிக்கு ஒன்றும் தெரியாது, அதன் கணக்கும் நிஜமும் நாளுக்கு நாள் விலகும்.

கன்வெர்ட்டர் உள்ளீடும் வெளியீடும் மின்சார ரீதியாகப் பிரிக்கப்பட்ட வகையாக இருப்பது அவசியம். இந்த வண்டியில் உயர் மின்னழுத்தத்தின் இரு முனைகளும் பாடியோடு சேராமல் மிதக்கும். கசிவு இருந்தால் கணினி கண்டுபிடித்து எச்சரிக்கை முக்கோணத்தைக் காட்டிவிடும். உங்கள் 50 வோல்ட் நெகட்டிவையும் பாடியில் கட்டாதீர்கள். வெளியீட்டின் இரண்டு முனைகளிலும் கான்டாக்டர், இணைக்கும் கணத்தில் மின்னோட்டம் பாயாமல் தடுக்கும் ஒரு ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர், 400 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் 25 ஆம்ப் டிசி பியூஸ். ஓடுவது சுமார் 18 ஆம்ப்தான்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது அதன் கைப்பிடியை மடக்கி, கடைசி நிலைக்கு நகர்த்திப் பூட்ட வேண்டும். பாதியில் விட்டால் வண்டி 'ரெடி' ஆகாது. வயரிங்கில் தப்பு என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 6: கன்வெர்ட்டர் எப்போது ஓடலாம்?

கன்வெர்ட்டரை இயக்கும் சிக்னல் சில நிபந்தனைகளைத் தாண்டித்தான் வர வேண்டும். பிஎம்எஸ் சம்மதிக்க வேண்டும். சார்ஜிங் பிளக் மாட்டியிருக்கக் கூடாது. மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் சரியாக இருக்க வேண்டும். வண்டியின் மெயின் ரிலே மூடியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். விபத்தில் கார் தன் ரிலேவைத் திறந்துவிட்ட பிறகும் உங்கள் கன்வெர்ட்டர் ஊட்டிக்கொண்டிருந்தால், ஆரஞ்சு ஒயர்கள் உயிரோடு இருக்கும். காப்பாற்ற வருகிறவர் அது செத்த ஒயர் என்று நம்பித்தான் கை வைப்பார்.

மேல் எல்லையும் வேண்டும். செல்லுக்கு 1.4 வோல்ட் என்று வைத்தால் 168 செல்லுக்கு 235 வோல்ட். வெளியீடு அதைத் தாண்டக் கூடாது. இந்த வகை பேட்டரியில் வோல்டேஜை மட்டும் நம்ப முடியாது என்பதால், ஓபிடி வழியே சார்ஜ் சதவீதத்தைப் படித்து 75இல் நிறுத்துவது இன்னும் நல்லது. அதற்கு மேல் ஏறினால் பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்தைக் கணினி மறுக்கத் தொடங்கும். 80ஐத் தாண்டினால் பேட்டரியைக் காலி செய்யவென்றே இன்ஜினைச் சும்மா சுற்றவிடும்.

படி 7: சார்ஜர்

58.4 வோல்ட்டில் முடியும், லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கான சார்ஜர் வாங்குங்கள். 20 ஆம்ப் போதும், நாலைந்து மணி நேரத்தில் நிரம்பும். பிளக்கின் எர்த் முனையைக் கார் பாடியோடு சேர்த்துவிடுங்கள், சுவரில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கட்டும். செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது.

படி 8: ஓட்டிப் பாருங்கள்

இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் வாகனப் பதிவு அலுவலகத்திடமும் எழுத்தில் பேசி முடித்த பிறகே சாலைக்கு. முதலில் கன்வெர்ட்டரை ஒரு கிலோவாட்டுக்குக் குறைத்து, நிறுத்திய வண்டியில் பச்சைக் கோடுகள் ஏறுகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் மெதுவாக உயர்த்தலாம்.

குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் இன்ஜின் ஓடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். புகைக் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டைச் சூடாக்க அது ஓடியே தீரும், டிக்கியில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் சரி. ஐரோப்பா, ஜப்பான் மாடல்களில் இருக்கும், மின்சாரத்தில் மட்டும் ஓட்டச் சொல்லும் இவி பட்டனை அழுத்தினால் மெதுவான வேகத்தில் இதைத் தள்ளிப்போடலாம். அமெரிக்க மாடலில் பட்டன் கிடையாது, ஆனால் அதற்கான சிக்னல் ஒயரைத் தேடிப் பிடித்துப் பட்டன் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

முதல் ஓட்டங்களுக்குப் பிறகு வண்டியை நிறுத்தியதும் தொடாமல் அளக்கும் வெப்பமானியை ஒவ்வொரு லக்கின் மேலும் காட்டுங்கள். ஒன்று மட்டும் பக்கத்ததைவிடச் சூடாக இருந்தால் பேட்டரியைத் துண்டித்து, அந்த இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி முறுக்குங்கள். மார்க்கர் கோடுகளை முதல் மாதம் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் பார்த்தால் போதும்.